தப்புப் பாத்திரங்களின் அறை

எங்கள் வீட்டு நடு அறையில் பத்தொன்பது பாத்திரங்கள் இருக்கின்றன. பத்தொன்பதும் தப்பாக வெட்டப்பட்டவை. அவற்றைப் பார்ப்பதற்காகத்தான் ஜனங்கள் வருகிறார்கள்.

பூந்தமல்லி கடைத்தெருவில் எங்கள் வீட்டைப் "பேர் வெட்டுற ஊடு" என்றால்தான் தெரியும். பித்தளையோ செம்போ வெண்கலமோ, கொண்டுவந்து கொடுத்தால் உளியால் அதில் பேரையோ, வீட்டு அடையாளத்தையோ, கொடியையோ வெட்டிக் கொடுப்போம். முத்திரைகளும் வெட்டுவோம். நான்கு தலைமுறையாக இதுதான் தொழில். அப்படிப்பட்ட வீட்டில் நல்ல வேலை ஒன்றுகூட வைத்திருக்கவில்லையே என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நல்ல வேலை எங்களிடம் எப்படித் தங்கும்? அது கொடுத்தவருடைய வீட்டுக்குப் போய்விடும். அவர்கள் அதில் சோறு வடிப்பார்கள், தண்ணீர் மொள்வார்கள், மகளுக்குச் சீராகக் கொடுப்பார்கள். எங்களிடம் தங்குவது தப்பானது மட்டும்தான்.

வெட்டு தப்பினால் அதைத் தட்டி அழிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. தட்டின இடம் மெலிந்துபோய் என்றாவது ஒரு நாள் ஒழுகும். கொடுத்தவருக்குப் புதுப் பாத்திரம் வாங்கி, சரியாக வெட்டிக் கொடுத்துவிட வேண்டும். தப்பானதில் நாங்கள் சமைக்கவும் மாட்டோம், அதை உருக்கவும் மாட்டோம். அதில் இன்னொரு வீட்டு அடையாளம் இருக்கிறதே. பரணில் கவிழ்த்து வைப்போம். கவிழ்ப்பதற்கு முன்னால், தப்புச் செய்தவர் அதன் அடிப்புறத்தில் தன்னுடைய சொந்த அடையாளத்தை வெட்ட வேண்டும். கொள்ளுத்தாத்தாவுக்கு மீன். தாத்தாவுக்குத் தேள். அப்பாவுக்கு ஒரு வட்டமும் நடுவில் புள்ளியும். அண்ணனுக்குக் குருவிக்கால், அதாவது ஓரிடத்தில் வந்து சேரும் மூன்று கோடுகள். எனக்கு இரண்டு நெல். நல்ல வேலையில் எங்களில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. அது கொடுத்தவர் பொருள். தப்பு எங்கள் பொருள். அதில் மட்டும் போடுவோம்.

இதையெல்லாம் அறையாக்கி அட்டை எழுதி வைக்கலாம் என்பது என் யோசனை இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய போது, ஒரு டிராயிங் வாத்தியாரும் அவர் மனைவியும் என் வீட்டு முன்னறைக்குக் குடி வந்தார்கள். என் மனைவி இறந்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. காலையில் சிப்பாய்கள் ஆவடி முகாமிலிருந்து தகரக் குவளைகளைக் கொண்டுவந்து பேர் வெட்டிக்கொண்டு போவார்கள். மத்தியானம் வரை உளிச் சத்தம் இருக்கும். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. எனக்கு ஜனங்களோடு பேச வராது. யாராவது ஏதாவது கேட்டால், பதிலை மனதுக்குள் சரிபார்த்து வாய் திறப்பதற்குள் அவர்கள் போய்விடுவார்கள்.

வாத்தியார் ஒரு நாள் ஓடு ஒழுகுகிற இடம் பார்க்கிறேன் என்று பரண்மேல் ஏறினார். வெகு நேரம் இறங்கவில்லை. அவர் மனைவி கீழேயிருந்து கூப்பிட்டும் பதில் இல்லை. கடைசியில் ஒரு செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தார்.

"இதெல்லாம் என்ன சார்?"

"தப்புங்க."

"என்ன தப்பு?"

சொன்னேன். அந்தச் செம்பில் தாத்தா சங்கு வெட்ட வேண்டிய இடத்தில் சக்கரம் வெட்டியிருந்தார். சொல்லி முடித்ததும் அடுத்ததைக் கேட்டார். அதையும் சொன்னேன். அன்று ஒரு சாயங்காலத்தில் நான் பேசினது, அதற்கு முந்தின ஆறு மாதத்தில் பேசினதை விட அதிகமாக இருக்கும்.

"சரியா வெட்டினது எல்லா வீட்லயும் இருக்கு சார்," என்றார் வாத்தியார். "ஒரு குடும்பம் தன் தப்பை நாலு தலைமுறையா கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கறதை நான் எங்கயும் பார்த்ததில்லை. இதைப் போய்ப் பரண்ல போட்டு வெச்சிருக்கீங்களே!"

பத்து நாளில் நடு அறைக்கு வெள்ளையடித்துப் பலகைகள் போட்டார். புளி போட்டு நான் தேய்த்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடையாளம் பார்த்து அட்டை எழுதினார். கொள்ளுத்தாத்தாவுடையவை மூன்று, தாத்தாவுடையவை ஒன்பது, அப்பாவுடையவை ஆறு, அண்ணனுடையது ஒன்று. எழுதி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க நெல் எதுலயும் இல்லையே சார்?"

"இல்லைங்க."

"ஒரு தப்புகூடப் பண்ணினதில்லையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் கதவோரத்தில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'இக்குடும்பத்தில் இப்பொழுது தொழில் செய்பவர் இதுவரை ஒரு பிழையும் செய்யாதவர்' என்று அதில் எழுதியிருந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நான் மூன்று தரம் அவர் அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

பட்டணத்தில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பேர். செத்த மிருகங்களைப் பஞ்சு அடைத்து நிற்க வைத்திருப்பதால் அப்படி. எங்கள் தெருக்காரர்களுக்கு அது போதுமாக இருந்தது.

"இன்னா மாமே, ஊட்ல செத்த காலேஜ் தொறந்துகீறியாமே?" என்றார் வெற்றிலைக் கடைக்காரர். "நீ வெளிய நின்னு காட்டுவியா, இல்ல நீயும் பலகை மேல ஏறி நின்னுக்குவியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள். கேலி செய்தவரே தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். செம்பரம்பாக்கத்திலிருந்து விதைநெல் வாங்க வந்த குடியானவர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குள் நடப்பது போல நடந்து பார்த்தார்கள். எல்லோரும் கடைசியில் கதவோர அட்டையைப் படிப்பார்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பிறகு என் கையைப் பார்ப்பார்கள்.

அண்ணனுடையது என்று அட்டை போட்ட அந்தப் பாத்திரம் ஒரு பெரிய பித்தளைத் தவலை. அதைத் தப்பாக வெட்டினவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அண்ணனுக்கு இருபத்து நாலு. அண்ணன் வேலைக்கு உட்கார்ந்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது என்றாலும், கொடி வெட்டுவதில் அப்பாவையே தாண்டிவிட்டான். கோயிலில் பெருமாளுக்குப் பின்னால் நிறுத்துகிற திருவாசிக்குப் புதிதாகக் கொடி வேலை செய்யும் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. ஒரு வருஷ வேலை. அதை அண்ணன் கையில் கொடுப்பதாக அப்பா சொல்லியிருந்தார். அண்ணன் அடுப்புக்கரியால் சுவரெல்லாம் கொடி வரைந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

வெள்ளானூரில் இரண்டு வீடுகள், பங்காளிகள். பாகம் பிரிந்தபோது வீட்டு அடையாளத்தையும் பிரித்துக்கொண்டார்கள். இரண்டும் அரிவாள்தான். ஒரு வீட்டு அரிவாளின் வாய் வலப்பக்கம் பார்க்கும், மற்ற வீட்டுடையது இடப்பக்கம் பார்க்கும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணம் என்றால் பத்து வீட்டுப் பாத்திரங்கள் ஒன்றாகச் சேரும். பந்தி முடிந்து பிரித்து எடுக்கும்போது இந்த அடையாளம்தான் பேசும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில்கூட அது தெரியும். வலப்பக்கத்து அரிவாள் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்து, ஐந்து புதுப் பாத்திரங்கள் வெட்டக் கொடுத்தார்கள். அப்பா வேலையாகக் காஞ்சிபுரம் போயிருந்தார். நாலு பாத்திரம் அண்ணன் வெட்டினான். தவலையை நான் வெட்டினேன்.

அதற்கு முந்தின ஒரு மாதம் முழுக்க நான் முத்திரைகள் வெட்டிக்கொண்டிருந்தேன். முத்திரையில் எல்லாவற்றையும் திருப்பி வெட்ட வேண்டும். அரக்கில் அமுக்கும்போதுதான் அது நேராக விழும். ஒரு மாதம் அப்படியே வெட்டினால் கை அதிலேயே நின்றுவிடும். தவலையை மடியில் சாய்த்து உட்கார்ந்த என் கை, அரிவாளையும் திருப்பியே வெட்டியது. கண்ணுக்கு அது சரியாகவே தெரிந்தது. வண்டி வந்தது. வைக்கோல் சுற்றி ஏற்றிவிட்டோம்.

கல்யாணத்தன்று இடப்பக்கத்து வீட்டு அம்மாள் அடுப்பில் ஏறியிருந்த தவலையைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊட்டுது, எப்படி இங்க வந்திச்சி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறாள். பாயசத்தோடு இறக்கச் சொல்லிச் சண்டை. சம்பந்தி வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் பெண்ணின் தகப்பனார் தவலையைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தார். அப்பா அன்று காலையில்தான் ஊர் திரும்பியிருந்தார்.

"எம் பொண்ணு கண்ணாலத்துல என் சாமானத் திருடனவன் நானேயாயிட்டேன்யா," என்றார் அவர். தவலையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அப்பா தவலையைத் திருப்பி அரிவாளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"யாரு?"

சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நான்தான் நைனா," என்றான் அண்ணன்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. வந்தவர் காலில் விழப்போனார், அவர் தடுத்துவிட்டார். புதுத் தவலை வாங்கி, அப்பாவே வெட்டி, அப்பாவே வெள்ளானூர் வரைக்கும் சுமந்துகொண்டு போனார். திரும்பி வந்து, "அடையாளம் தப்பின கை ஒரு வருசம் கோயில் சாமானத் தொடக் கூடாது" என்றார். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. திருவாசி வேலை என்னிடம் வந்தது. அண்ணன் தவலையைக் கவிழ்த்து, அடியில் குருவிக்கால் வெட்டி, பரணில் ஏற்றினான். அன்று மத்தியானம் அவனிடம் தனியாக, "அண்ணாத்த, நான் போய் நைனா கையில சொல்லிர்றேன்" என்றேன்.

"மூஞ்சப் பாரு, செத்தவன் மாதிரி," என்றான். "நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும். விடு. ஒரு வருசந்தானே."

ஒரு வருஷம் சும்மா இருக்க அவனால் முடியவில்லை. இரண்டு மாதத்தில் ரயில் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அம்பத்தூரில் வீடு எடுத்தான், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயின. திரும்ப உளியைப் பிடிக்கவில்லை. நான் திருவாசியை வெட்டி முடித்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். கோயிலுக்குப் போனால் நான் சுவாமியின் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெட்டையும் மூன்று தரம் பார்க்காமல் நான் வெளியே விட்டதில்லை. என் நெல் எந்தப் பாத்திரத்திலும் இல்லாததற்குக் காரணம் திறமை இல்லை. பயம்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் போய்விட்டார். அப்பாவின் கருமாதிக்கு வந்து போன பிறகு அண்ணனும் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. நான் போகவில்லை, அவன் வரவில்லை, அவ்வளவுதான்.

குண்டு பயம் அடங்கியதும் வாத்தியார் பட்டணத்துக்குத் திரும்பிப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அறையைப் பூட்டிடாதீங்க சார்" என்றார். பூட்டவில்லை. அவர் போன ஒரு மாதம் கழித்து, நெமிலிச்சேரியிலிருந்து செம்பு வெட்டிக்கொள்ள வந்த ஒருவர் சொன்னார்:

"உங்க அண்ணாத்தயப் பாத்தேன், ரயில்ல. அடுத்த ஞாயித்துக்கெழம வர்றாராம். உங்க காலேஜைப் பாக்கணும்னாரு."

எனக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் ஒரே நினைப்பு. இருபத்தைந்து வருஷமாக அண்ணன் தலையில் இருக்கிற தப்பை, ஊரே படிக்கும்படி அட்டை எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே நான் ஒரு பிழையும் செய்யாதவன் என்று இன்னோர் அட்டை. அவன் வந்து அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கப்போகிறான். வாயால் சொல்ல எனக்கு வராது என்பதை அதற்குள் நான் ஒப்புக்கொண்டிருந்தேன். கையால் சொல்லலாம்.

சனிக்கிழமை காலையில் கதவோர அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டேன். தவலையை எடுத்து வந்து பட்டறை மணையில் கவிழ்த்தேன். முதலில் அரத்தின் முனையை மட்டும் வைத்து மெதுவாக ராவினேன். குருவிக்கால் ஆழமாக இருந்தது. பொய்யாக வெட்டினதைக்கூட அவன் அரைகுறையாக வெட்டவில்லை. மூன்று கோடுகளும் சேருகிற இடம் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தது. மத்தியானம் ஆயிற்று, அது முழுக்கப் போக. பித்தளைப் பொடி வேட்டியெல்லாம் படிந்தது. மழமழவென்று ஆன இடத்தில் இரண்டு நெல் வெட்டினேன். அந்த அடையாளத்தை அப்பா எனக்குக் கொடுத்து இருபத்தெட்டு வருஷம் இருக்கும். உலோகத்தில் அதை வெட்டினது அன்றுதான் முதல் தரம். தவலையின் அட்டையையும் மாற்றி எழுதினேன். என் கையெழுத்து வாத்தியாருடையதைப் போல அழகாக இல்லை. ஆனால் நிம்மதியாகச் சாப்பிட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்த, பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் அண்ணன் இறங்கினான். பாதி வழியில் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்களாம், சட்டையெல்லாம் கரி. தலை முழுக்க நரைத்திருந்தது. கை மட்டும் முன்பைவிட இரண்டு மடங்கு தடித்திருந்தது.

"இன்னாடா, செத்த காலேஜ் பெரியவரே," என்றான். "டிக்கெட் இன்னா வெல?"

"வா அண்ணாத்த. அண்ணி வரலியா?"

"அவ எதுக்கு? மொதல்ல நான் பாக்கறேன். அப்புறமா எல்லாரையும் இட்டாந்து காட்டலாம்னு கீறேன். எங்க ஷாப்புல பத்துப் பேர் கையில சொல்லிகினு கீறேன், எங்க ஊட்ல மியூசியம் கீது, அதுல என் அடையாளமும் கீதுன்னு. ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். சம்மட்டி அடிக்கறவன் கொடி வெட்டினியான்னு சிரிக்கறானுங்க."

நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதும் முழுதாக எட்டவில்லை.

அறைக்குள் போனான். ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். தாத்தாவின் தேளைப் பார்த்து, "ஒம்போது தேளா! கெழவன் கண்ணாடி போட்டுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சது இதுக்குத்தானா?" என்று சிரித்தான். அப்பாவின் வட்டத்தைக் கட்டை விரலால் தடவினான். பிறகு தவலையண்டை போனான். அது எங்கே இருக்கிறது என்று அவன் தேடவில்லை. உள்ளே வந்ததிலிருந்தே அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சம் படும்படி ஜன்னல் பக்கம் திரும்பி, கவிழ்த்தான்.

அடிப்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவித் தேடினான்.

"இன்னாடா இது?"

ஆறு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அது உன்னுது இல்லியே அண்ணாத்த. என்னுது. நான்தான் வெட்னேன். நைனா கேட்டப்போ எனக்கு வாய் வரல. இப்போ சரி பண்ட்டேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றான். குரல் உயரவில்லை. "யார் வெட்னாங்கன்னு எனக்குத் தெரியாதா? யார்ரா உன்ன சரி பண்ணச் சொன்னது?"

"உம்பேர்ல தப்பு இருக்கக் கூடாதுன்னு..."

"எம்பேர்ல வேற இன்னாடா இருக்குது இங்க?"

என் கண் பலகைகள்மேல் போயிற்று.

"நாலு வருசம் வெட்னேன். அத்தனையும் நல்லா வெட்னேன். எல்லாம் எவனெவன் ஊட்லயோ கீது. எவன் ஊடுன்னுகூட மறந்து பூட்டேன். இந்த ஊட்ல நான் ஒக்காந்து வேல செஞ்சேன்னு சொல்றதுக்கு இது ஒண்ணுதான் இருந்திச்சி. அத்தயும் ராவிட்டியே."

"அது பொய் அண்ணாத்த."

"பொய்தான். நான் சொன்ன பொய். என்னுதுடா அது." தவலையை அவன் கீழே வைக்கவில்லை. குழந்தையைப் பிடித்திருப்பது போல இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்தான். "உன்ன எவனும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு நான் வெட்னது. அதத்தான் பத்துப் பேர் கையில சொல்லிகினு திரிஞ்சேன்."

நான் பட்டறைக்கு ஓடிப்போய் உளியையும் சுத்தியையும் எடுத்து வந்தேன். அவன் முன்னால் நீட்டினேன். "நீயே வெட்டு. பக்கத்துலயே வெட்டு."

வாங்கிக்கொண்டான். தரையில் உட்கார்ந்து, தவலையைச் சாய்த்து, உளியை வைத்தான். வைத்த விதம் அப்படியே இருந்தது. சுண்டு விரலைப் பாத்திரத்தில் ஊன்றி, முனையைச் சற்றே தன் பக்கம் சாய்த்து. சுத்தியைத் தூக்கினான். தூக்கின கை நின்றது. என் இரண்டு நெல்லையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்போ எதுக்குன்னு வெட்றது?" என்றான். "அப்போ ஒரு காரணம் இருந்திச்சி."

உளியைக் கீழே வைத்துவிட்டான்.

சாப்பிட்டான். நான் சமைத்த குழம்பில் உப்பு இல்லை என்றான். அது வழக்கமாகச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. ஆவடி வரைக்கும் ஜட்காவில் போய் ரயில் பிடிக்கிறேன் என்றான். வண்டி ஏறும்போது தோளில் தட்டி, "நெல்லு நல்லா வந்துகீது. நைனா பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றான். கேலியா, உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பதிலைத் தேடி எடுப்பதற்குள் வண்டி பெருமாள் கோயில் முனை திரும்பிவிட்டது.

பட்டறைக்காரர்கள் யாரையும் அவன் கூட்டி வரவில்லை. தீபாவளிக்கு நான் அம்பத்தூர் போனேன். அண்ணி பலகாரம் கொடுத்தாள். அண்ணன் யுத்தத்தைப் பற்றி, மண்ணெண்ணெய் கிடைக்காததைப் பற்றி நிறையப் பேசினான். அறையைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நான் சரி செய்தது தவறு என்று இன்றைக்கும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அட்டையில் இப்போது இருப்பதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மை எனக்கு மட்டும் வேண்டியிருந்தது. அவனைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். அம்பத்தூர் எட்டாத தூரம் இல்லை. அவன் வருவதற்கு முன் ஆறு நாள் இருந்தது. அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் இருந்தது. ஒரு வார்த்தை கேட்க எனக்கு வரவில்லை. அரத்தை எடுப்பது சுலபமாக இருந்தது.

இப்போதும் ஜனங்கள் வருகிறார்கள். முன்னைவிட நான் கொஞ்சம் பேசுகிறேன். கதவோரத்தில் அட்டை இல்லாததால் யாரும் என் கையைப் பார்ப்பதில்லை. தவலையைத் திருப்பி, இரண்டு நெல்லைக் காட்டி, இது நான் செய்தது என்று சொல்கிறேன். அரிவாள் ஏன் திரும்பிற்று, கல்யாணத்தில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொல்கிறேன். யார் பழியை ஏற்றார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. அது அவனுடையது.

போன வாரம் திருமழிசையிலிருந்து ஓர் அம்மாள் மருமகளோடு வந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உங்கூடப் பொறந்தவங்க யாரும் இந்த வேலைக்கு வரலியா?" என்று கேட்டாள்.

"அண்ணன் ஒருத்தர் கீறாரும்மா. நாலு வருசம் வெட்னாரு. என்னவிட நல்லா வெட்டுவாரு."

"அவருது எது இதுல?"

"இதுல ஒண்ணும் இல்லம்மா. அவரு தப்பே செய்யல."

"அடேயப்பா," என்றாள் அந்த அம்மாள். மருமகளும் நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தாமல் வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த தடவை அம்பத்தூர் போகும்போது, அந்த அம்மாள் சொன்னதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை.